கச்சால்காரர் வீட்டுக் கல்யாண ஓலை

தம்பி,

அப்பா எழுதுகிறேன். போனை வைத்தது நான்தான். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்துக்கொண்டதாக அம்மா சொன்னாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அஞ்செலா என்றாய், நல்ல பெயர் என்று நினைத்தேன். நர்ஸ் என்றாய், சந்தோஷப்பட்டேன். நம்ம போர்ட் பிளேர் பெண்தான், சென்னையில் வேலை பார்க்கிறாள் என்றாய், இன்னும் சந்தோஷப்பட்டேன். பிறகு "பௌலுஸ் மகள்" என்றாய். கல்யாணம் அவர்கள் கோயிலில், இந்திப் பூசையில் என்றாய். அதற்கு மேல் நீ சொன்ன எதுவும் எனக்குள் இறங்கவில்லை. விரல் தானாகப் போய் அழுத்திவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. டாலிகஞ்சில் நம் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நடப்பேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். சீனி வாங்கப் போய்த் தீப்பெட்டி வாங்கி வந்தேன். ஒருநாள் சாத்தம் ஜெட்டிக்குப் போய் பம்பூஃபிளாட் ஃபெரியில் ஏறினேன். அந்தக் கரையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லாரும் இறங்கினார்கள், நான் உட்கார்ந்தே இருந்தேன். கயிறு கட்டுகிற ஆள், "க்யா ஹுவா அண்ணா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு அதே ஃபெரியில் திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மா காத்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் பேசாமல் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும்.

பௌலுஸ் பெயரைக் கேட்டு எனக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று நீ அறிய வேண்டும். உனக்குப் பாதி தெரியும். பாதியைச் சொல்லாமலே நாங்கள் உன்னை வளர்த்துவிட்டோம். கல்யாணத்துக்கு முன் இதைச் சொல்லாமல் விட்டால், நீ அந்த வீட்டுக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு போவது போல இருக்கும்.

நாங்கள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். இது உன் நாடு இல்லை என்று அங்கே சொல்லிக் கப்பலேற்றினார்கள். மண்டபம் முகாமில் கிடந்தோம். அப்புறம், இந்தப் போர்ட் பிளேருக்கும் தெற்கே கச்சால் தீவில் ரப்பர் தோட்டம் போடுகிறார்கள், ஆள் வேண்டும் என்றார்கள். கச்சால் எங்கே இருக்கிறது என்று முகாமில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அப்போது மீசை முளைக்காத வயது. கப்பலிலிருந்து இறங்கியபோது மழை. சாமான்களை நனையாமல் வைக்க இடமில்லை. எங்கள் கூட்டத்துப் பெண்கள் முதலில் செய்த வேலை, ஒரு தார்ப்பாயை நான்கு மரத்தில் கட்டி, அதன் கீழே அந்தோனியார் சுரூபத்தை வைத்து மாலைச் செபம் சொன்னதுதான். வீடு அப்புறம்தான். எங்கள் பங்குக் கோயில் அப்படித்தான் ஆரம்பித்தது.

பங்கு என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். கப்பல் வரும்போது சாமியார் வருவார். கடல் குழம்பினால் வரமாட்டார். மூன்று நான்கு மாதம் பூசையே இல்லாமல் போகும். அதற்காக எங்கள் ஞாயிற்றுக்கிழமை நின்றதில்லை. மற்றவர்களைவிடச் சரளமாகத் தமிழ் வாசிப்பேன் என்பதால் என்னை உபதேசியார் ஆக்கினார்கள். விடியுமுன் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பேன், சாயந்தரம் செபம் சொல்லிக் கொடுப்பேன். செத்தவர்களை நானே மந்திரித்து அடக்கம் செய்தேன். பிறந்த பிள்ளை பிழைக்காது என்றால் நானே தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தேன். அப்படிப் பெயர் வைத்த பிள்ளைகளில் நீயும் ஒருவன். நீ பிறந்தபோது அழவே இல்லை. உடம்பு நீலமாக இருந்தது. கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவசரத்தில் தண்ணீர் டம்ளர் உன் நெற்றியில் இடித்தது. நீ அப்போதுதான் கத்தினாய். தண்ணீர் ஊற்றித் தமிழில் நான் சொன்ன அந்த ஒரு செப வரிக்குத்தான் நீ கண் திறந்தாய் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஒருவேளை டம்ளர் இடித்த வலிதான் காரணமாக இருக்கும். அம்மா அப்படித்தான் சொல்வாள்.

சுனாமி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். உனக்கு நினைவிருக்கும். பூமி ஆடி நின்றதும் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். ஆரோக்கியம் அத்தை செபத்துக்கு முன்னால் கோயிலைக் கூட்ட, கரைப் பக்கம் போயிருந்தாள். கோயிலும் இல்லை, அவளும் இல்லை. நாங்கள் தேடிய இடமெல்லாம் தண்ணீராகக் கிடந்தது. என் தங்கையை அடக்கம் செய்ய எனக்கு ஒரு பிடி மண் கிடைக்கவில்லை.

கப்பலில் போர்ட் பிளேர் ஹேடோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். முகாமுக்கு முதலில் அரிசியும் போர்வையும் கொண்டுவந்தவர்கள் ராஞ்சிக்காரர்கள்தான். அதை மறக்கக் கூடாது. காட்டு வேலைக்காக அவர்களுடைய அப்பன் பாட்டன்களை ராஞ்சிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து இறக்கினார்கள் என்று உனக்குத் தெரியும். அவர்களுடைய கோயிலில், இறந்தவர்களுக்காக ஒரு பூசை வைத்தார்கள். நாங்கள் எல்லாரும் போனோம். ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். ஆரோக்கியம் என்ற பெயரை, வாசித்த வாலிபன் "ஆரோகியா" என்றான். முன்னும் பின்னும் இந்தி. சுற்றிலும் எல்லாரும் முழந்தாளிட்டார்கள், நாங்கள் பார்த்துப் பார்த்து முழந்தாளிட்டோம். வெளியே வந்து சவரிமுத்து மாமா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். "நம்ம புள்ளைய அவுங்க யாருக்கோ செபம் பண்ற மாதிரி பண்ணிட்டாங்க உபதேசியாரே. அவளுக்குப் புரிஞ்சிருக்குமா?" என்றார். கச்சாலுக்கு வந்த கப்பலில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் அவர். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. தமிழ்ப் பூசை கேட்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்தச் சுவரோரத்தில்தான். வீம்புக்காகக் கேட்கவில்லை தம்பி.

கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல், யாரும் வராத நேரம். கொஞ்ச நாள் நன்றாகப் போயிற்று. நான் ஹேடோவில் சரக்கு இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தமிழ்ப் பூசை என்று கேள்விப்பட்டு, மெயின்லேண்டிலிருந்து வேலைக்கு வந்த தமிழர்களும் வர ஆரம்பித்தார்கள். கூட்டம் பெருகியது. மைக் வைத்தோம், பொங்கல் வைத்தோம், சத்தம் போட்டோம். முணுமுணுப்பு வந்தது. அந்தோனியார் திருநாளுக்கு, கச்சாலில் செய்தது போலச் சப்பரம் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. பௌலுஸ் படியில் நின்றார். ராஞ்சிக்காரர்; கோயிலை நடத்தும் பங்குப் பேரவைக்கு அப்போது அவர்தான் செயலாளர். "கமிட்டியில் கேட்காமல் ஊர்வலம் கிடையாது. இது உங்க கச்சால் இல்லை" என்றார் இந்தியில். மழை பெய்தது. சவரிமுத்து மாமா தோளில் சப்பரத்தின் முன் கொம்பு. இறக்கி வைக்க இடம் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் அசையவில்லை. ரோட்டிலேயே நின்று செபமாலை சொல்லி முடித்துத் திரும்பினோம். நீ அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் நம்மள உள்ள விடல?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் படியை மிதிக்கவில்லை. சவரிமுத்து மாமா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டோம். அதுதான் நீ முதல் நற்கருணை வாங்கிய கோயில். தமிழ் தெரிந்த சாமியார் யாராவது இந்தப் பக்கம் வந்தால் பூசை, இல்லாவிட்டால் என் செபம். ஊரில் எங்களைக் கச்சால்காரர்கள் என்றார்கள். எங்களுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. ஆனால் நீங்கள் வளர்ந்தீர்கள், படித்தீர்கள், சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் டிக்கெட் எடுத்தீர்கள். பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. பெருநாள்களில் மட்டும் தகரக் கொட்டகை நிறையும். மற்ற நாள்களில் என் குரல் எனக்கே திரும்பி வந்து கேட்கும். அப்போதும் நான் ஒரு விஷயத்தில் கெட்டியாக இருந்தேன். பூட்டிய கதவை அவர்கள்தான் திறக்க வேண்டும், நாங்கள் தட்டக் கூடாது.

இந்த நிலையில்தான் நீ போன் செய்தாய்.

ஃபெரியில் போய்த் திரும்பிய மறுநாள் காலையில், அம்மா என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்திருந்தாள். எங்கே போகச் சொல்கிறாள் என்று கேட்கத் தேவையில்லை. பௌலுஸ் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டு விசாரித்துப் போனேன். இத்தனை வருடம் ஒரே ஊரில் இருந்தும் எனக்கு வழி தெரியவில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கிழவராகிவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

"என் பையன் சொன்னான்" என்றேன், என் அரைகுறை இந்தியில்.

"என் பெண்ணும் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன்" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். தேநீர் வந்தது. இரண்டு பேரும் குடித்து முடித்தோம். பிறகு நான் கேட்டேவிட்டேன். "அன்றைக்கு ஏன் பூட்டினீர்கள்? மழையில் சாமியைத் தூக்கிக்கொண்டு நின்றோமே."

அவர் வலையைக் கீழே வைத்தார். "எங்களில் எத்தனை ஜாதி தெரியுமா அண்ணா? உராவோன், முண்டா, கடியா. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பாஷை. ஆரம்பத்தில் எந்தப் பாஷையில் பாடுவது என்று அடிதடியே நடந்திருக்கிறது. கடைசியில் எல்லாரும் அவரவர் பாஷையை வீட்டில் விட்டுவிட்டு வருவோம், கோயிலில் இந்தி என்று முடிவு பண்ணினார்கள். என் அப்பாவும் ஒத்துக்கொண்டார். அவருக்கு இந்தி வராது. எங்கள் உராவோன் பாஷை, குடுக்தான் பேசுவார். அவர் செத்தபோது ஒரு வார்த்தை குடுக்கில் யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரியவில்லை, என்ன சொல்வேன்? அப்புறம் நீங்கள் வந்தீர்கள். வந்த கொஞ்ச நாளிலேயே உங்கள் பாஷைதான் வேண்டும் என்றீர்கள். கொடுத்தும் விட்டார்கள். ஸப் கோ மில் கயா, மேரே பாப் கோ நஹீ மிலா. எல்லாருக்கும் கிடைத்தது, என் அப்பனுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு எரிந்தது. பூட்டினேன்."

நான் ஆரோக்கியத்தின் பெயரை அந்தப் பூசையில் வாசித்த கதையைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் பெயர்களை வாசித்தவன் என் தம்பி மகன்" என்றார்.

சும்மா இருக்க முடியாமல் கேட்டேன், அப்பா பேசியதில் ஒரு வார்த்தைகூட நினைவில்லையா என்று. அவர் யோசித்தார். காட்டில் அப்பா மரக்கட்டைகளை எண்ணும்போது கூடவே இருந்திருக்கிறாராம். விரலை மடக்கி எண்ணிக் காட்டினார். "ஒண்டா. ஏண்ட். மூந்த். நாக்."

"இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றேன்.

சொன்னார். நான் என் விரலை மடக்கினேன். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தார். நான் என் பல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டேன். "பல்" என்றார். கண்ணைத் தொட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு "க்ஹன்" என்றார். எதிரில் இருக்கிற ஆளை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றேன். "நீன்" என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே பார்த்து, "அரே சுன்தீ ஹோ? இதர் ஆவோ!" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து நின்றதும் அவர் என்ன சொல்வது என்று தெரியாமல் தன் பல்லையே தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். இது எப்படி ஆயிற்று, எந்தக் காலத்துச் சொந்தம் என்று எனக்குத் தெரியாது. நீ படித்தவன், தேடிப் பார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தமிழ்ப் பூசையா இந்திப் பூசையா என்று நாங்கள் இத்தனை வருடம் முகம் திருப்பிக்கொண்டிருந்தோம். அவருடைய அப்பா உயிரோடு இருந்து அன்றைக்கு அந்தப் படியில் நின்றிருந்தால், என் செபத்தில் நாலு வார்த்தையாவது அவருக்குத் தெரிந்த வார்த்தையாக இருந்திருக்கும்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் உன் கல்யாண ஓலையை நானே வாசித்தேன். உன் பெயர், என் பெயர், அம்மா பெயர். பிறகு அஞ்செலா, பௌலுஸ் மகள். வழக்கமாகக் கேட்பது போல, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டேன். நான் ஓலை வாசித்த காலமெல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகு இருமல் சத்தம்தான் கேட்கும். அன்றைக்குச் சவரிமுத்து மாமா எழுந்தார்.

"தடை இருக்குங்க உபதேசியாரே."

"என்ன தடை?"

"மழையில நிக்க வச்ச வீடுங்க அது. என் தோளு இன்னும் நேராகல. அந்த வீட்டுக்கா நம்ம புள்ளைய குடுக்கிறீங்க? அப்புறம் இந்தக் கொட்டக எதுக்கு? நாங்க எதுக்கு?"

பௌலுஸ் சொன்னதை நான் சொல்லிப் பார்த்தேன். பல், கண் எல்லாம் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "நீங்க போய்ப் பேசறதுக்கு முந்தி எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லைதான். அவர் வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். அவர் வீட்டுக் கொல்லையில் இருக்கிற கொட்டகையிலிருந்து அவரே வெளியே போனதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மிச்சமிருந்தவர்களிடம், இனி நான் உபதேசியார் இல்லை என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கோபத்தில் செய்தேனா நியாயத்தில் செய்தேனா என்று இன்னும் பிடிபடவில்லை.

செபம் பாதியில் நின்றது. முன்னால் போக ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அப்போது அம்மா உட்கார்ந்த இடத்திலேயே ஆரம்பித்தாள். இத்தனை காலத்தில் அவள் கூட்டத்தோடு சேர்ந்து முணுமுணுத்ததைத்தான் கேட்டிருக்கிறேன். அவள் தனிக்குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அவசரமே இல்லாமல், சமையலறையில் யாரிடமோ பேசுவது போலச் சொன்னாள். எல்லாரும் பதில் சொன்னார்கள். நானும் சொன்னேன். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவள்தான் சொல்கிறாள். வெளியே போனவர்களில் சிலர் திரும்பி வந்துவிட்டார்கள். மாமா இன்னும் வரவில்லை, ஆனால் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லவும் இல்லை. சாயந்தரம் அவர் வீட்டுப் பக்கம் போகிறேன். அவர் என்னிடம் பேசாமல் கோழிக்குத் தீனி போடுகிறார். நான் நிற்கிறேன். மறுநாளும் போகிறேன்.

தம்பி, நான் சொல்ல வந்தது இதுதான். நீ ஒரு வீட்டில் பெண் மட்டும் எடுக்கவில்லை. பூட்டியவர்களும் வெளியே நின்றவர்களும் இருக்கிற ஒரு கதைக்குள் போகிறாய். அஞ்செலாவிடம் உன் பக்கத்தை மட்டும் சொல்லாதே. அவளுடைய தாத்தாவை யாரும் அவருடைய பேச்சில் வழியனுப்பவில்லை என்பதை அவள் அறிந்திருக்கிறாளா என்று கேள். நாளைக்கு உங்களுக்குள் சண்டை வரும், வராமல் இருக்காது. அப்போது அவள் எந்தப் பாஷையில் கோபப்படுகிறாளோ அதைக் கற்றுக்கொள். அவளும் உன்னுடையதைக் கற்றுக்கொள்ளட்டும். பிள்ளை பிறந்தால் எந்தப் பாஷையில் செபம் என்று எங்களிடம் கேட்காதீர்கள். நாங்கள் மறுபடியும் சண்டை போடுவோம்.

பூசை, அன்றைக்குப் பூட்டிய அந்தக் கோயிலில், இந்தியிலேயே இருக்கட்டும். பௌலுஸும் நானும் பங்குச் சாமியாரிடம் போனோம். மணமக்கள் சொல்லும் வார்த்தைப்பாட்டை நீ தமிழில் சொல்லலாம் என்று அவர் ஒத்துக்கொண்டார். அஞ்செலாவுக்குக் குடுக்கில் சொல்லிக்கொடுக்க ரங்கத் ஊரில் அவளுடைய வயதான அத்தை ஒருத்தி இருக்கிறாளாம், பௌலுஸ் பஸ் ஏறிப் போயிருக்கிறார். திரும்பி வந்து என்ன சொல்கிறாரோ தெரியவில்லை. காலையிலிருந்து இரண்டு முறை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன்.

நான் வருகிறேன். அம்மாவும் வருகிறாள். கொட்டகையிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்ல முடியாது. முன்வரிசையில் உனக்குத் தெரிந்த முகம் குறைவாக இருந்தால் மனம் தளராதே. சவரிமுத்து மாமா உள்ளே வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வந்து நிற்பார். எனக்கு அவரைத் தெரியும். அதனால் வார்த்தைப்பாடு சொல்லும்போது சத்தமாகச் சொல், தம்பி. ரோடு வரைக்கும் கேட்க வேண்டும்.

அப்பா